பதினாலாம் இடத்துப் பச்சைப் பந்தல்

அந்த ஆள் குறுக்கே நடந்து வந்தான். லோர்னாவுக்கு முதலில் ரத்தம் கொதித்தது அதற்குத்தான். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் அப்புறம்.

கேரவன் என்கிற சக்கர வீட்டைக் கொண்டு வந்து நிறுத்திக் கோடையைக் கழிக்கிற முகாமில் அவரவர் இடம் அவரவர் வீடு. கோடும் கிடையாது, வேலியும் கிடையாது. ஆனாலும் இன்னொருவருடைய கேரவனுக்கும் அவர் அடுப்பு மூட்டும் இரும்பு வளையத்துக்கும் நடுவே எவரும் நடக்க மாட்டார்கள். கழிப்பறைக்கு அடக்க முடியாமல் ஓடுகிற பிள்ளைகூடச் சரளைப் பாதையைச் சுற்றிக்கொண்டுதான் ஓடும். பக்கத்து இடத்துக்காரருக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டுமென்றாலும் பாதை ஓரத்தில் நின்று "உள்ள வரலாமா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால்தான் தெரியும் என்கிறவனுக்கு முகாமில் என்ன வேலை?

ஹெம்லாக் முனை முகாமுக்கு ஏப்ரலில் வந்த புது மேலாளர் ட்ராவிஸ் கெஸ்லருக்கு அது தெரியவில்லை. முப்பது வயதிருக்கும். வேர்வையில் ஒரு தடவைகூட நனையாத மாதிரி ஒரு வெள்ளைச் சட்டை. மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே புகுந்து, காயப் போட்டிருந்த துண்டை ஒதுக்கிக்கொண்டு, நேராக லோர்னாவின் முன்னால் வந்து நின்று ஒரு காகிதத்தை நீட்டினான்.

"எல்லாருக்கும் குடுக்கறதுதான் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கறதா? தம்பி, நீ இப்ப என் வீட்டு நடுக்கூடத்துல நிக்கற. கதவத் தட்டினியா?"

கெஸ்லர் திரும்பிக் கேரவன் கதவைப் பார்த்தான். அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததற்கு வெட்கமும் இல்லை. வந்த வழியே, மறுபடியும் குறுக்காகவே நடந்து போனான்.

முகாமைப் புதிதாக வாங்கிய கம்பெனி போட்ட விதி அது. பத்து வயதுக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் இனி இங்கே இடமில்லை. ஜூலை ஆறு, திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்குள் காலி செய்யவும். முகாமின் தோற்றத்தைப் பேணும் பொருட்டு. ஒத்துழைப்புக்கு நன்றி.

தோற்றமாம்! இருபத்தெட்டுக் கோடைகள். ஜூன் முதல் வாரம் வந்து, செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் முடிந்ததும் கிளம்புகிறவர்கள். சூப்பீரியர் ஏரிக்குத் தெற்கே அந்தக் காட்டுப் பக்கத்தில் கொசுவும் கறுப்பு ஈயும் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் ஜூனில்கூட முகத்தைச் சுளிக்காமல் வந்து இறங்குகிறவர்கள். அவர்களைப் பார்த்து, உன் வண்டி பார்க்க நன்றாயில்லை, போ என்கிறது ஒரு காகிதம்.

வண்டி தொண்ணூற்றொன்று மாடல். எஞ்சின் வைத்த கேரவன், பக்கவாட்டில் பழுப்புக் கோடு. லோர்னா மாவட்டப் பள்ளிப் பேருந்துப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவள். பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தே முடி நரைத்தது. அந்தக் கேரவனில் அவள் கை படாத ஆணி கிடையாது. சக்கரத்து பேரிங்குக்கு வருடா வருடம் கிரீஸ் மாற்றுவாள். வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர்காலத்தில் ஒரு தடவை ஏணி போட்டுக் கூரையில் ஏறி, ஓரங்களையெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பாள். மயிரிழை விரிசல் தென்பட்டாலும் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை வைப்பாள். கேரவனுக்கு எமன் விபத்து அல்ல, தண்ணீர். கூரை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சுவரை உள்ளுக்குள்ளேயே புட்டு மாதிரி ஆக்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். லோர்னாவின் வண்டியில் முப்பத்தைந்து வருடத்தில் ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. இதில் ஒன்றையாவது அந்த வெள்ளைச் சட்டை பார்த்தானா? ஒரு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தானா? அவன் பார்த்தது பதிவேட்டில் வருடம் என்ற கட்டத்தை மட்டும்தான்.

வண்டியைச் சொன்னதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு முகாமா இல்லை ஊரில்? ஆனால் வெண்டலை என்ன செய்வது?

அவள் கணவர் வெண்டல் ஹாட்சலுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கை வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்துவிட்டது. வழி மட்டும் திரும்பி வரவில்லை. எண்களும் மனதில் தங்குவதில்லை. குளிர்காலத்துக்கு அவர்கள் இருக்கும் ஊரில், தபால் பெட்டி வரை போய் வருகிறேன் என்று போனவர் மூன்று தெரு தாண்டிப் பனியில் நின்றுகொண்டிருந்தார்; போலீஸ்காரர்தான் கூட்டி வந்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் லோர்னா கதவைப் பூட்டித்தான் வைக்கிறாள். கட்டிய மனுஷனை உள்ளே வைத்து.

பூட்டு இல்லாத இடம் அவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பதினாலாம் இடம். கேரவன் பக்கவாட்டில் விரித்துக் கட்டிய பச்சைத் துணிப் பந்தலுக்கு அடியிலிருந்து கிளம்பி, சரளைப் பாதையில் இடது பக்கம், தண்ணீர்க் குழாய் வந்ததும் வலது பக்கம், அப்புறம் மரப் படித்துறை. தூண்டிலைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம். திரும்பும்போது குழாயிலிருந்து பச்சைத் துணி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவார். தனியாக, யாரும் கையைப் பிடிக்காமல். "மூணு மீன் லோர்னா, பெருசா ஒண்ணுமில்ல" என்று வாளியை வைக்கும்போது அந்த முகத்தில் ஒரு மனுஷன் இருப்பான். அந்த இருபத்தெட்டுக் கோடையும் அவர் காலில்தான் இருந்தது, தலையில் இல்லை. இன்னொரு முகாமில் அதைப் புதிதாக ஏற்ற முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் வெட்கத்தை விட்டு, அலுவலகத்தில் போய்க் கெஸ்லரிடம் சொன்னாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். நாப்பது மைல்ல அரசு முகாம் ஒண்ணு இருக்கே. அங்கயும் ஏரி இருக்கு, படித்துறை இருக்கு."

"படித்துறை இருக்கா! நாளைக்கு உங்க அம்மா வீட்டுல வேற ஒரு பையனக் கொண்டுபோய் உக்கார வச்சு, இவனும் பையன்தானேன்னு சொல்லட்டுமா?"

"விதி மேடம். நான் போட்டதில்ல."

விதியாம். முதல் வரிசையில், ஏரியைப் பார்த்தபடி, கம்பெனி ஆறு புத்தம் புது ட்ரெய்லர் வீடுகளைக் கொண்டு வந்து வாடகைக்கு நிறுத்தியிருந்தது. வெள்ளை வெளேரென்று, வரிசையாக. அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் லோர்னா அவற்றைப் பார்த்தாள். மெக்கானிக்கின் கண் மேலே பார்க்காது, கீழேதான் பார்க்கும். ஆறு ட்ரெய்லரின் கழிவுக் குழாயும் தரைக் குழாயில் மாட்டியிருந்தது. ஆறு வால்வின் கைப்பிடியும் வெளியே இழுத்து, திறந்தபடி கிடந்தது.

அவளுக்கு அத்தனை கோபத்திலும் கால் நின்றுவிட்டது. கேரவன் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது; யாராவது ஒருவர் திட்டி நிறுத்த வேண்டும். கழிப்பறைத் தொட்டி வால்வை மூடியே வைக்க வேண்டும். நிறைய விட்டு, ஒரேயடியாகத் திறந்தால் எல்லாம் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும். குழாய்தான் மாட்டியிருக்கிறதே என்று திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும்; மிச்சமெல்லாம் தொட்டிக்குள்ளே கோபுரமாக எழும்பி, காய்ந்து இறுகிப் போகும். அவள் திரும்பிப் போய்ச் சொன்னாள்.

"தம்பி, உன் ஆறு வண்டியிலயும் வால்வு திறந்து கெடக்கு. மூடச் சொல்லு. இல்லன்னா இன்னும் மூணு வாரத்துல நாறிடும்."

"மேடம், அது எல்லாமே இந்த வருஷ மாடல்," என்றான் கெஸ்லர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தொட்டிக்கு மாடல் தெரியாது."

"நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்ளட்டும். லோர்னா விட்டுவிட்டாள்.

ஜூலை நாலாம் தேதி, சனிக்கிழமை, நாட்டின் சுதந்திர தினம். விடுமுறைக் கூட்டத்தில் முகாம் பிதுங்கி வழிந்தது. எங்கு பார்த்தாலும் கொடி, புகை, சோளம் வாட்டும் வாசனை. பதினாலாம் இடத்தில் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பந்தல் துணியை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து நாசமாகிவிடும். அதனால், வெண்டல் தூண்டிலோடு கிளம்பியதும், லோர்னா பச்சைத் துணியைக் கழுவி, வெயிலில் காய விட்டு, பதினொன்றரைக்குள் உள்ளே சுருட்டிப் பூட்டினாள். போகப் போகிற இடத்துக்காவது அது உருப்படியாக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். பந்தல் இல்லாமல் அவருக்கு இடம் தெரியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பன்னிரண்டு மணிக்குத் தானே படித்துறைக்குப் போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், முதல் வரிசை மூன்றாவது ட்ரெய்லரில் தங்கியிருந்த மரிசோல் என்ற பெண் ஓடி வந்தாள். பாதை ஓரத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"உள்ள வரலாமா? நீங்கதான் மெக்கானிக்னு சொன்னாங்க. கழிப்பறை பொங்கி வெளிய வருது! என் பொண்ணு ஷூவெல்லாம்... ஆறு வண்டியிலயும் இதே கதிதான். ஆபீஸ்ல கேட்டா, ரிப்பேர்காரர் வர மூணு வாரமாகுமாம்!"

லோர்னாவுக்கு ஒரு கணம் உச்சி குளிர்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நாறட்டும், நன்றாக நாறட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் மரிசோலின் பின்னால் ஆறு வயதுப் பெண் ஒன்று ஒற்றை ஷூவோடு, இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நெளிவதைப் பார்த்தாள்.

"என் வண்டிக்குள்ள போ கண்ணு. வலது பக்கம் கதவு. தைரியமாப் போ, அது பொங்காது," என்றாள். நீளக் கையுறையையும், குழாய்க்குள் விட்டுத் தண்ணீர் பீய்ச்சும் வளைகிற கம்பியையும், பாத்திரம் கழுவும் சோப்பையும் எடுத்துக்கொண்டாள். அரை மணி வேலை என்று நினைத்தாள்.

அரை மணியாவது! ஐந்து வாரக் கோபுரம். வால்வை மூடி, வெந்நீரும் சோப்பும் ஊற்றி, ஊற வைத்து, கம்பியை விட்டு உடைத்து, திறந்து, மறுபடி மூடி. வேர்வை கண்ணில் இறங்கியது. நாற்றம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒரு சோம்பேறி ஒரு கைப்பிடியை உள்ளே தள்ளாததற்கு, அறுபத்தெட்டு வயதில், நாடே விடுமுறை கொண்டாடுகிற நாளில் நான் முட்டி போட்டு அள்ளுகிறேன். நாளை மறுநாள் என்னைத் தெருவில் விடப் போகிறவனும் அதே சோம்பேறிதான் என்று ஒவ்வொரு குத்துக்கும் சொல்லிச் சொல்லிக் குத்தினாள். கடைசியில் குழாய் பெரிய ஏப்பம் விட்டு வழிவிட்டது. மரிசோல் கை தட்டினாள்.

"மணி என்ன?" என்றாள் லோர்னா, கையுறையைக் கழற்றியபடி.

"ஒண்ணே முக்கால்."

வெண்டலைப் பன்னிரண்டுக்கே கூட்டி வந்திருக்க வேண்டும்!

படித்துறைக்கு ஓடினாள். தூண்டில் இல்லை, வாளி இல்லை, ஆள் இல்லை. தண்ணீரை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது, ஒன்றுமில்லை. குழாயடிக்கு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் பச்சை தெரிய வேண்டும். தெரியவில்லை. தன் கையாலேயே அல்லவா சுருட்டி வைத்தாள்! "அடிப்பாவி, அடிப்பாவி" என்று தன்னையே வைதுகொண்டு சரளையில் ஓடினாள்.

திருப்பத்தில் அவர்களைப் பார்த்தாள். வெண்டல் வாளியோடு நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கெஸ்லர், சட்டை தொப்பலாக நனைந்து, தூண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் பதினாலாம் இடத்தை நெருங்கினார்கள். கேரவனை ஒட்டியே நடந்தார்கள். தாண்டிப் போனார்கள்.

"நில்லு!" என்று லோர்னா கத்திய கத்தலில் நாலு கேரவன் கதவு திறந்தது.

கெஸ்லர் திரும்பினான். "மேடம், இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா? குழாயடியில நின்னுட்டிருந்தாரு. இடம் நம்பர் ஞாபகமில்லயாம். மூணு சுத்து சுத்திட்டோம்."

"மூணு சுத்தா?"

"வண்டி எப்படி இருக்கும்னு கேட்டேன். பச்சைப் பந்தல், அப்புறம் இந்த முகாம்லயே சுத்தமான வண்டி, பாத்த உடனே தெரியும்னாரு. நானும் நல்ல வண்டி ஒண்ணு விடாமக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். எதுவும் இல்லங்கறாரு."

லோர்னா கேரவன் பக்கம் கையை நீட்டினாள்.

"மூணு தடவ என் வாசலத் தாண்டிப் போயிருக்க! மூணு தடவ! அவருக்கு அடையாளம் தெரியல, அவருக்கு மூளையில அடி. உனக்கு என்ன கேடு? உனக்குக் கண்ணு இருக்குல்ல? காகிதம் குடுக்க வந்தப்ப இதே இடத்துல என் மேசை மேல ஏறாத குறையா நடந்தியே! இந்த வண்டிய ஒரு தடவயாவது பாத்தியா? பாக்காமலே தோற்றம் சரியில்லன்னு எழுதினியா?"

கெஸ்லர் பார்த்தான். நிஜமாகவே முதல் தடவையாகப் பார்த்தான். கண்ணாடி மாதிரி துடைத்த ஜன்னல், ஓரம் வெடிக்காத பெயிண்ட், கறுத்துப் பளபளக்கும் டயர், குழாயை ஒட்டி உள்ளே தள்ளி மூடிய வால்வு.

"இதா?" என்றான், மெதுவாக.

"இதுதான். நீ பந்தலச் சுருட்ட வச்சே. அதான் அவரு வீடு இல்லாம நின்னாரு."

அவள் போய்ப் பூட்டைத் திறந்து, பந்தலின் கைப்பிடியைச் சுழற்றினாள். பச்சைத் துணி இறங்கி விரிந்தது. "ஆங், இதோ இருக்கே," என்று வெண்டல் உள்ளே போய், வாளியைக் கீழே வைத்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கெஸ்லர் பாதை ஓரத்தில் நின்றபடியே போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டான். லோர்னாவைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. "சார், பதினாலாம் நம்பர்ல வருஷம் தப்பா ஏறிடுச்சு. அது ரெண்டாயிரத்துப் பத்தொம்போது மாடல் சார்..."

லோர்னா இரண்டே எட்டில் போய் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"தொண்ணூத்தொண்ணு!" என்றாள் போனுக்குள். "தொண்ணூத்தொண்ணு மாடல். ஒரு வருஷம் கூடக் குறைக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷமா நான் பாத்த வண்டி."

"நீங்க யாரு?" என்றது குரல்.

"உங்க புது வண்டி ஆறுல ஒண்ண இப்பத்தான் கழுவி விட்டுட்டு வந்தவ. மீதி அஞ்சும் பொங்கிட்டிருக்கு. நாத்தம் உங்க ஆபீஸ் வரைக்கும் வரலயா?"

"அஞ்சா?" குரல் கொஞ்சம் இறங்கியது. பின்னால் வேறு யாரோ பேசுவது கேட்டது. "உங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?"

"காசு உங்கிட்டயே இருக்கட்டும். தொழிலாளர் தினம் வரைக்கும் பதினாலாம் இடம். அடுத்த வருஷமும் பதினாலாம் இடம். காகிதத்துல தொண்ணூத்தொண்ணுன்னு போட்டு, இருக்கலாம்னு எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்து. அப்புறம்தான் ரெண்டாவது வண்டிக்கு அடியில படுப்பேன்."

மேலாளரிடம் போனைக் கொடுங்கள் என்றது குரல்.

கால் மணி நேரத்தில் கெஸ்லர் காகிதத்தோடு வந்தான். சரளைப் பாதையை முழுதாகச் சுற்றிக்கொண்டு வந்தான். பதினாலாம் இடத்தின் ஓரத்தில் நின்றான். கீழே கோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

"உள்ள வரலாமா மேடம்?"

"நில்லு. காப்பியக் குடிச்சுட்டுச் சொல்றேன்."

அவன் வெயிலில் நின்றான். லோர்னா அவசரப்படாமல் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள், ஒரு கோப்பை ஊற்றி எடுத்துக்கொண்டு வெண்டலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெண்டல் பாதை ஓரத்தில் நின்றவனையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, அவன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

"பாவம் லோர்னா அந்தப் பையன். அவனுக்கு வழியே தெரியல. மூணு சுத்து என்னோடயே அலைஞ்சான். நீ போய் அவன அவன் இடத்துல விட்டுட்டு வந்துரேன்."

லோர்னா அவர் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்க் காகிதத்தை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து வைத்துவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு, கெஸ்லரை முன்னால் நடக்கச் சொல்லி முதல் வரிசைக்குப் போனாள்.